பிடுங்கிவிடலாமா, டாக்டர்?

பல் மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். 31 வருடமாக நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று நான் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வியும் அதுவேதான். ஒரு சாரார் உட்காரும் முன்பே "பிடுங்கிப் போட்டுடுங்க" என்பார்கள். இன்னொரு சாரார், பல் ஊஞ்சலாடினாலும் "எப்படியாவது காப்பாத்துங்க" என்பார்கள். இரு தரப்புக்குமாகச் சில கடிதங்களை எடுத்திருக்கிறேன்.

எனக்கு வயது 43. கீழ் இடது கடைவாய்ப் பல்லில் பத்து நாளாக வலி. பகலில் எப்படியோ சமாளிக்கிறேன். படுத்தால் விண்விண் என்று தெறிக்கிறது. நேற்று இரவு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்து வைத்துத் துப்பியே விடிய வைத்தேன். ரூட் கனால் செய்யலாம், இரண்டு மூன்று தடவை வர வேண்டும், பிறகு கேப் போட வேண்டும் என்கிறார்கள். ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டால் விட்டது தொல்லை என்று தோன்றுகிறது. சரிதானே?

குளிர்ந்த தண்ணீர் வைத்தால் அடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது.

பல்லின் நடுவில் கூழ் மாதிரி ஒரு திசு இருக்கிறது. நரம்பும் ரத்தக் குழாய்களும் அதற்குள்தான் ஓடுகின்றன. சுற்றிலும் கல் போன்ற சுவர். கையில் அடிபட்டு வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும். பல்லுக்குள் வீங்கினால் விரிவதற்கு இடமே கிடையாது, நரம்பு நசுங்குகிறது. படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த ஓட்டத்தின் அழுத்தம் கூடுவதால் இன்னும் நசுங்குகிறது. இரவில் மட்டும் பல் பேயாட்டம் போடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். (டாக்டரைப் பார்க்கும்வரை தலையணையை உயர்த்தி வைத்துப் படுங்கள். கொஞ்சம் குறையும்.)

குளிர்ச்சி பட்டதும் சுளீர் என்று கூசி, இரண்டு மூன்று நொடியில் போய்விட்டால் உள்ளே இருக்கும் நரம்பு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்தால் போதும். பட்டதை எடுத்த பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நின்று விளையாடினால், சூடு பட்டால் துடித்தால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், அந்த நரம்பு இனிமேல் தேறாது. உங்களுடையது இந்த இரண்டாம் ரகம் என்றுதான் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. சூட்டில் வலித்து, குளிர்ச்சியில் அடங்குவது அழற்சி முற்றிப்போன நிலைக்கு அடையாளம்.

சரி, நரம்பு போக வேண்டியதுதான். ஆனால் நரம்பு போவது வேறு, பல் போவது வேறு. முழுதாக வளர்ந்துவிட்ட பல்லுக்கு உள்ளே இருக்கும் நரம்பு இல்லாமலே வேலை ஓடும். பல்லைத் தாடையில் பிடித்து வைத்திருப்பது வேரைச் சுற்றியுள்ள நார்களும் எலும்பும். அவற்றுக்கு ரத்தம் வெளியிலிருந்து வருகிறது. ரூட் கனால் என்பது கெட்டுப்போன நரம்பை மட்டும் எடுத்து, அந்தக் குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பது. வலி என்னிடம் நரம்பைப் பற்றித்தான் சொல்கிறது. அந்தப் பல் நிற்குமா, நிற்காதா என்று அதற்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள நான் வேறு இடங்களில் பார்ப்பேன். சொத்தையை முழுக்கச் சுரண்டிய பிறகு ஈறுக்கு மேலே எவ்வளவு நல்ல பல் மிஞ்சுகிறது என்பது முதல் விஷயம். சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கெட்டியான சுவர் இருந்தால் கேப் பிடித்து நிற்கும். ஈறோடு ஈறாகக் கரைந்துபோயிருந்தால், உள்ளே எவ்வளவு அழகாக ரூட் கனால் செய்தாலும் அஸ்திவாரம் இல்லாத வீடுதான். "சொத்தையை எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்" என்று உங்கள் டாக்டர் சொன்னால், மழுப்புகிறார் என்று நினைக்காதீர்கள். எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரிந்த சுவர், உள்ளே போனதும் ஈரச் சுண்ணாம்பு போல உதிர்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது விரிசல். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை விட்டு, பல்லைச் சுற்றி நடக்கவிடுவோம். ஆரோக்கியமான ஈறில் 2, 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். எல்லாப் பக்கமும் 2, 3 என்று வந்துகொண்டே இருந்து, ஒரே ஓர் இடத்தில் மட்டும் கம்பி வழுக்கிக்கொண்டு 8, 9 என்று இறங்கினால் எனக்கு வயிற்றைப் பிசையும். வேர் செங்குத்தாகப் பிளந்திருக்கலாம் என்று அர்த்தம். ஒற்றை வேரோ, பல வேர்களுக்குப் பொதுவான நடுப்பகுதியோ அப்படிப் பிளந்துவிட்டால் ஒட்டவைக்க வழியில்லை. அந்தப் பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கடைசியில் எலும்பு. பல் பக்கவாட்டில் லேசாக அசைவது பெரிய குற்றமில்லை. மேலிருந்து அழுத்தினால் உள்ளே இறங்கி ஏறுகிறது என்றால், தாங்கிப் பிடிக்க எலும்பே இல்லை.

இந்த மூன்றும் நன்றாக இருந்தால் என் வாக்கு ரூட் கனாலுக்குத்தான். ஏனென்றால் நீங்கள் நினைப்பதுபோல் பிடுங்கினால் "விட்டது தொல்லை" கிடையாது. காலியான இடத்தில் பக்கத்துப் பல் மெல்லச் சாயும். எதிர்வரிசைப் பல் மோதுவதற்கு ஆளில்லாமல் மேலிருந்து இறங்கி வரும். பல் இருந்த இடத்தில் தாடை எலும்பின் அகலம் முதல் ஒரு வருடத்திலேயே ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடும். பிறகு அங்கே பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் கட்ட வேண்டுமானால், ஒரு தப்பும் செய்யாத இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவ வேண்டும். எலும்பில் திருகிப் பொருத்தும் இம்ப்ளான்ட் என்றால் அதற்குப் பல மாதம். வருகைக் கணக்குப் போடுகிறீர்கள் அல்லவா, இதையெல்லாம் சேர்த்துப் போடுங்கள்.

அதற்காகப் பிடுங்கச் சொல்லுபவர்களை நான் திட்டுவதில்லை. பணம் இல்லாமல் இருக்கும். வேலையை விட்டுவிட்டு மூன்று தடவை வர முடியாது. வாயை அரை மணி நேரம் திறந்து வைக்க முடியாத உடல்நிலை இருக்கும். அவையும் நியாயமான காரணங்கள்தான். வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், டாக்டர் அதற்குத் தகுந்தபடி யோசிப்பார்.

ஒன்றே ஒன்று. இரவு மூன்று மணி வலியில் முடிவெடுக்காதீர்கள். முதல் வருகையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லைத் திறந்து, அந்த நரம்பை எடுத்து, தற்காலிகமாக அடைத்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அன்றிரவே தூங்கிவிடுவீர்கள். மிச்ச ரூட் கனாலா, பிடுங்குவதா என்பதை அப்புறம் நன்றாகத் தூங்கி எழுந்த மூளையோடு ஒரு வாரத்துக்குள் முடிவு செய்யலாம். தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் மட்டும் காணாமல் போகாதீர்கள்.

மூன்று வாரம் உயிரை எடுத்த பல்வலி, மாத்திரை எதுவும் இல்லாமல் தானாகவே நின்றுவிட்டது. இனி டாக்டரிடம் போக வேண்டுமா?

போக வேண்டும். நரம்பு செத்துப்போயிருக்கலாம். சத்தம் போட ஆள் இல்லாததால் அமைதியாக இருக்கிறது. கிருமிகள் வேலையை நிறுத்தவில்லை, வேரின் நுனி வழியாக எலும்புக்குள் போய்க்கொண்டிருக்கும். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பல் மட்டும் உயரமாக இருப்பதுபோலத் தோன்றும், கடித்தால் வலிக்கும். இல்லையென்றால் ஈறில் பரு மாதிரி ஒன்று வந்து உடைந்து, மறுபடி வரும். அந்தப் பரு வலிக்காது என்பதால் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இப்போதே போனால் பல்லைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது.

மேல் பல் வலிக்கிறது, பிடுங்குங்கள் என்று போனேன். அந்தப் பல் நன்றாக இருக்கிறது, கீழ்ப் பல்லில்தான் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு எது வலிக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

தெரியாமல் போகலாம். இதை நான் பட்டுத்தான் கற்றேன்.

தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம். மாலை கடைசி ஆளாக ஒருவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தார். மேல் வலது பல்லை விரலால் தொட்டு, "இதேதான்" என்றார். அங்கே சொத்தையும் இருந்தது. எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். எடுத்தேன். அழகாக, வேர் முறியாமல் வந்தது. மறுநாள் கதவைத் திறக்கும்போது வாசல் படியில் உட்கார்ந்திருந்தார், அதே கன்னம், அதே கை. கீழே, பழைய ஃபில்லிங்குக்கு அடியில் ஒளிந்திருந்தது உண்மையான திருடன். அவர் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லம்மா, அதுவும் சொத்தைதானே" என்றார். திட்டியிருந்தால் இவ்வளவு நாள் நினைவில் இருந்திருக்காது.

முகத்தின் ஒரு பக்கத்து மேல் பற்களுக்கும் கீழ்ப் பற்களுக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோவது ஒரே நரம்பின் கிளைகள். நரம்பு வேக்காடு கண்ட நிலையில், மூளைக்கு மேலா கீழா என்று குழப்பம் வருவது சகஜம். வலப்பக்கத்து வலி இடப்பக்கம் தாவுவது மட்டும் அரிது. அதனால்தான் நாங்கள் குளிரூட்டிய பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்துப் பார்க்கிறோம், வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் காம்பால் தட்டுகிறோம். அதிலும் தெரியாவிட்டால் மேல் வரிசையையோ கீழ் வரிசையையோ மட்டும் மரக்க வைத்து, வலி போகிறதா என்று பார்க்கிறோம். "எது என்று உறுதியாகத் தெரியவில்லை, இரண்டு நாள் பொறுங்கள்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அவரை நம்பலாம்.

பல்லே காரணமாக இல்லாத பல்வலியும் உண்டு. சளி பிடித்திருக்கும்போது, குனிந்தால் மேல் கடைவாய்ப் பற்கள் மூன்று நான்கு சேர்ந்தாற்போல் கனக்கிறதா? சைனஸாக இருக்கலாம். முகம் கழுவும்போதோ காற்று படும்போதோ மின்சாரம் பாய்ந்த மாதிரி சில நொடிகள் வெட்டிவிட்டுப் போகிறதா? முகத்து நரம்பின் கோளாறாக இருக்கலாம். அதற்குப் பற்களை வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு, வலியை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாடி ஏறினால் கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் அடங்குகிறது என்றால் என்னிடம் வராதீர்கள். உடனே இதய மருத்துவரிடம் போங்கள்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை குறையும் என்கிறார்களே?

குறையாது. பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. வயதாக ஆகப் பல்லும் விழுகிறது, பார்வையும் மங்குகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

கன்னம் வீங்கியிருக்கிறது. வீக்கம் வற்றிய பிறகுதான் பிடுங்க வேண்டும், அதுவரை ஆன்டிபயாட்டிக் சாப்பிடு என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஒரு தடவை அப்படிச் சாப்பிட்டு வற்றியது, திரும்ப வந்துவிட்டது.

திரும்ப வரத்தான் செய்யும். செத்த நரம்புக்குள் ரத்த ஓட்டம் இல்லை. மாத்திரை ரத்தத்தில் கரைந்து எங்கும் போகும், கிருமி உட்கார்ந்திருக்கும் அந்த அறைக்குள் மட்டும் போகாது. வெளியே பரவியதை அடக்கும், மூலத்தைத் தொடாது. மூலத்தைத் தொட இரண்டே வழி: பல்லைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும்.

வீக்கத்தோடு பிடுங்கவே கூடாது என்பது பழைய நம்பிக்கை. பல நேரங்களில் எடுத்துவிடுவதுதான் சீழ் வடிய நல்ல வழி. தயங்குவதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும், மரத்துப்போகும் ஊசி அங்கே சரியாக வேலை செய்யாது. ஊசியைச் சற்றுத் தள்ளி, நரம்பு கிளம்பும் இடத்தில் போட்டு மரக்க வைத்துச் சமாளிக்கலாம். வாய் திறக்கவே முடியாவிட்டால் சில நாள் காத்திருக்கச் சொல்லலாம். அதை உங்கள் வாயைப் பார்க்கிறவர் முடிவு செய்யட்டும், தெரிந்தவர்கள் வேண்டாம்.

வீக்கம் தாடைக்கு அடியிலோ கழுத்துக்கோ இறங்கினால், நாக்கு மேலே தூக்கிக்கொண்டால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், கண்ணை மூடுகிற அளவுக்கு வீங்கினால், குளிர்க்காய்ச்சல் வந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், இரவாக இருந்தாலும். மூச்சுக்குழாய் அடைபட வாய்ப்புள்ள நிலை அது. பல் மருத்துவமனை திறக்கக் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அடக்கி வைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் "உள்பக்கம் வெள்ளையாகத் தோல் உரிகிறது" என்று இருப்பது அதன் வேலையாக இருக்கலாம். அமிலம் சுட்டுவிடும். விழுங்கினால்தான் அது வலி மாத்திரை.

என் மாமனாருக்கு 71 வயது. இதயக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ஆடும் பல் ஒன்றை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகலாமா?

நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பல் எடுத்த குழியில் வருகிற ரத்தத்தைப் பஞ்சு வைத்து, தையல் போட்டு நிறுத்திவிடலாம். மாத்திரையை நிறுத்தியதால் மூளையிலோ இதயத்திலோ ரத்தம் உறைந்து அடைத்தால் தையல் போட முடியாது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்றொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் பார்த்து, அது 4-க்குக் கீழே இருந்தால் பொதுவாக மாத்திரையை நிறுத்தாமலே ஒன்றிரண்டு பற்களை எடுக்கலாம். காலை நேரமாக வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தம் கசிந்தால் பகலிலேயே திரும்பி வரலாம். வலி மாத்திரை எழுதும்போது வார்ஃபரினை நினைவுபடுத்துங்கள். இப்யூப்ரோஃபென் மாதிரியானவை ரத்தக் கசிவைக் கூட்டும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும் வார்ஃபரினின் வீரியத்தை ஏற்றிவிடும்.

செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும். எலும்பு பலவீனத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ ஆறு மாதத்துக்கு ஓர் ஊசியோ போடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள். அவற்றில் சில, பல் எடுத்த பிறகு தாடை எலும்பை ஆறவிடாமல் செய்யும். வீட்டிலிருக்கும் மாத்திரை டப்பாவை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் அம்மா, அதுதான் சுலபம்.

வயது 23. ஞானப்பல் பாதி முளைத்து நிற்கிறது. ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல், நான்கு நாளில் சரியாகிவிடுகிறது. ஒரு வருடத்தில் இது மூன்றாவது தடவை. எடுத்துவிடலாமா, முழுதாக முளைக்கும்வரை பொறுக்கலாமா?

எடுத்துவிடுங்கள். சும்மா புதைந்து கிடக்கிற, தொந்தரவே தராத ஞானப்பல்லைத் தோண்டி எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் சொன்னது. அதே வழிகாட்டுதல், ஈறு வீக்கம் இரண்டாம் தடவை வந்தாலே எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது. உங்களுக்கு மூன்று ஆகிவிட்டது. இடம் இருந்திருந்தால் இதற்குள் முளைத்திருக்கும்.

இருபதுகளில் எலும்பு கொஞ்சம் இளகிக் கொடுக்கும், ஆறுவதும் சீக்கிரம். நாற்பதில் அதே பல் அடம் பிடிக்கும். கீழ் ஞானப்பல் என்றால், வேருக்கும் உதட்டுக்குப் போகும் நரம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று எக்ஸ்ரேயைக் காட்டிக் கேளுங்கள். ஒட்டிக்கொண்டு இருந்தால் உதடு மரத்துப்போகும் அபாயம் உண்டு, அதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. எடுத்த பிறகு 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், உறிஞ்சிக் குடிக்காதீர்கள், புகைக்காதீர்கள். குழியில் உறைந்திருக்கும் ரத்தக்கட்டிதான் உங்கள் மருந்து. அது கழன்றுபோனால் மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை வலி ஏறும். அப்படி ஏறினால் பொறுத்துக்கொண்டு கிடக்காமல் திரும்பிப் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் அன்றைக்கே குறையும்.

பிடுங்கிய பல்லைக் கேட்டால் கையில் கொடுப்பார்களா? சிரிக்காதீர்கள்.

சிரிக்கவில்லை. என்னுடையது ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கிறது.

கேளுங்கள், பெரும்பாலும் கழுவிக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியதும் வேர் நுனியைப் பாருங்கள். நாள்பட்ட சீழ் என்றால் அங்கே சிவப்பாக, சின்னப் பை மாதிரி ஒன்று தொங்கலாம். இத்தனை நாள் வேர் நுனியில் ஒளிந்திருந்தது அதுதான்.

என் பல் கீழ்க் கடைவாயில் இருந்தது. மெல்லும்போது வலிக்காது, கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது மட்டும் சுருக்கென்று குத்தும். விரிசல் விட்ட பல் அப்படித்தான் வலிக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே, என்னுடையதை இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பது எனக்கு நல்ல சாக்கு. முதல் வருடமே கேப் போட்டிருந்தால் ஒருவேளை நின்றிருக்கும். கடைசியில் என் ஜூனியர் கம்பியை விட்டுப் பார்த்து, எண்ணைச் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாள். நானே "எடுத்துடும்மா" என்றேன்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மேலிருந்து வேர்வரை தலைமுடி கனத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடும். படிக்க வரும் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்து, விரிசல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். பாதிப் பேருக்குத் தெரிவதில்லை.